இது கொன்றை இல்லைங்க: ஆனி மாசத்துத் தெருவுல ஒரு நடை

[காட்சி: காலை ஆறரை மணி. சென்னையில ஒரு தெரு. நிறுத்தி வச்ச ஸ்கூட்டர் சீட்டு முழுக்க மஞ்சள் பூ.]

கத்திரி முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. ராத்திரி அரை மணி நேரம் மழை. விடிஞ்சா தெரு இப்படி. பெருக்குற அக்காவுக்குத்தான் பாவம், இடுப்பு ஒடியுது.

இந்தப் பூவைக் காட்டி "கொன்றைதானே?"ன்னு கேக்காத ஆளே இல்ல. இது இயல்வாகை. பெருங்கொன்றைன்னும் ஒரு பேர் இருக்கு, குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது. அண்ணாந்து பாருங்க. கொத்து நிமிர்ந்து நிக்குது. இலை புளிய இலை மாதிரி பொடிசு. செம்பு நிறத்துல தட்டைக் காயும் வந்தாச்சு.

[காட்சி: கோயில் மதிலோரம் சரக்கொன்றை.]

இதுதான் கொன்றை. சரம் சரமா கீழ தொங்கும், பேர்லயே இருக்கு. இப்போ நாலு சரம்தான் மிச்சம்.

[நெருக்கத்தில் ஒரு பூ.]

மகரந்தத்தாள் பத்து. மூணு மட்டும் நீளமா, கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு பாருங்க. இந்தப் பூவுல தேன் கிடையாது. கருவண்டு வர்றது மகரந்தத்துக்கு. குட்டைத் தாள்களைக் கட்டிப் பிடிச்சு உடம்பை அதிர வைக்கும். ரீங்காரம் சட்டுனு மாறும், காதுலயே கேக்கும். அது சாப்பாட்டுல மும்முரமா இருக்கிற நேரத்துல, நீளமான மூணும் அது மேல மகரந்தத்தைப் பூசிடும். அடுத்த பூவுக்குப் போறது அந்தப் பூச்சுதான்.

கிளையில ரெண்டு விதக் காய் தொங்குது. பச்சையா, பென்சில் கனத்துல இருக்கிறது இந்த வருஷத்தது. கருப்பா முழ நீளத்துல இருக்கிறது போன வருஷப் பூ. முத்துறதுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் எடுக்கும்.

சங்கப் பாட்டுல கொன்றை கார்காலப் பூ. குறுந்தொகை 66-ல ஒரு தோழி, காலந்தப்பி வந்த மழையைக் கார்னு நம்பிப் பூத்த கொன்றையை மடமரம்னு சொல்றா. சித்திரையிலேயே பூத்துத் தள்ளுற நம்ம தெரு மரத்தைப் பார்த்தா என்ன சொல்லுவாளோ!

[காட்சி: பஸ் ஸ்டாப். சிவப்புப் பூ மரம்.]

மயிற்கொன்றை. சொந்த ஊர் மடகாஸ்கர். புயலுக்குத் தாங்காது, 2016 டிசம்பர் 12, வர்தாவுல எங்க தெருவுல மூணு சாய்ஞ்சு இது ஒண்ணுதான் நின்னுச்சு. அஞ்சு இதழ்ல ஒண்ணுல மட்டும் வெள்ளைத் தீற்றல் இருக்கும்.

[காட்சி: யூனிஃபார்ம்ல ரெண்டு பசங்க. மொட்டைப் பிரிச்சு, தாள்களைக் கொக்கியாக்கி இழுக்குறாங்க.]

தலை அறுந்தா தோல்வி. ஸ்கோர் ரெண்டுக்கு ரெண்டு. பஸ் வந்துருச்சு.