எண்ணெய் வழியும் முகம்: தேய்த்தால் தீருமா?

[திரை: பேருந்தின் ஜன்னலோரம் ஒரு பெண், கைக்குட்டையால் நெற்றியை ஒற்றுகிறார்]

வணக்கம். காலை எட்டு மணிக்கு முகம் கழுவிவிட்டுக் கிளம்புகிறோம். பதினொரு மணிக்குள் நெற்றியும் மூக்கும் பளபளக்க ஆரம்பித்துவிடும். துடைத்தால் கைக்குட்டையில் எண்ணெய்க் கறை. மறுபடி சோப்பு, மதியம் இன்னொரு தடவை சோப்பு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரப். இத்தனைக்குப் பிறகும் மறுநாள் காலையில் அதே முகம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இது வருஷம் முழுக்க இருக்கிற தொல்லை.

எண்ணெய் தோலுக்கு உள்ளே தயாராகிறது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் அது நிற்காது. தேய்க்கிறவர்களுக்குத் தோல்தான் புண்ணாகிறது. அப்படியானால் என்ன செய்வது, எதை விடுவது என்று பார்க்கலாம்.

[திரை: தோலின் குறுக்குவெட்டுப் படம், மயிர்க்காலை ஒட்டிய சுரப்பி]

தோலுக்குள் ஒவ்வொரு மயிர்க்காலை ஒட்டியும் சின்ன எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. முகத்திலும் தலையிலும்தான் இவை நெருக்கம். அங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் 400 முதல் 900 வரை இருக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூடக் கிடையாது. கன்னம் வறண்டிருக்கும்போதே நெற்றியும் மூக்கும் பிசுபிசுப்பதற்குக் காரணம் இந்த ஏற்றத்தாழ்வுதான். சுரப்பியில் உள்ள செல்கள் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே பெருத்து, கடைசியில் உடைந்து, தாங்களே எண்ணெயாக வெளியே வருகின்றன. இதற்கு சீபம் என்று பெயர். டிரைகிளிசரைடுகள், மெழுகு வகைகள், ஸ்குவாலீன் எல்லாம் கலந்தது. அழுக்கோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. தோலை வழவழப்பாக வைத்திருப்பதும், உடம்பில் இருக்கும் வைட்டமின் ஈ-யை முகத்தின் மேற்பரப்புக்குக் கொண்டுவருவதும் இந்த எண்ணெய்தான்.

எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். ஆண், பெண் இருவர் உடம்பிலும் இவை உண்டு. டெஸ்டோஸ்டிரோன் சுரப்பிக்குள் போனதும், அங்கே இருக்கும் ஒரு என்சைம் அதை இன்னும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. அதனால்தான் பத்து வயது வரை மாசு மருவில்லாமல் இருந்த முகம் பதினான்கு வயதில் மினுமினுக்கத் தொடங்குகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் எண்ணெய் நன்றாகக் குறைந்துவிடும். ஆண்களுக்கு வயதான பிறகும் அவ்வளவாகக் குறைவதில்லை. அம்மா அப்பாவுக்கு எப்படியோ பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அப்படித்தான். ஆக, முகத்தில் எண்ணெய் வழிவதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. "முகத்தை ஒழுங்காகக் கழுவுவதில்லையா?" என்று பதினைந்து வயதுப் பிள்ளையைக் கேட்கும் பெரியவர்கள் தயவுசெய்து அதை நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விதான் பிள்ளைகளை ஸ்க்ரப் பக்கம் துரத்துகிறது.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. தோலின் வெப்பம் 1 டிகிரி கூடினால், எண்ணெய் வெளிவருவதும் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. கத்திரி வெயிலில் கடலோரக் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது; வியர்வை உலராமல் எண்ணெயோடு கலந்து முகத்திலேயே நிற்கிறது.

சரி, கழுவுவதற்கு வருவோம். இரண்டு விதமாகச் சொல்வார்கள். அடிக்கடி கழுவினால் எண்ணெய் குறையும் என்பது ஒன்று. அதிகம் கழுவினால் சுரப்பி கோபித்துக்கொண்டு இன்னும் அதிகம் சுரக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவதை இப்போது இன்ஸ்டாகிராமில் தினமும் கேட்கலாம். ஆனால் 1958-லேயே ஆல்பர்ட் கிளிக்மன், வால்டர் ஷெல்லி என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, சுரப்பிக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது என்று எழுதிவிட்டார்கள். மேலே எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் பாட்டுக்குச் சுரந்துகொண்டிருக்கும். துடைத்த எண்ணெய் சில மணி நேரத்தில் மறுபடி நிறைவது அதனால்தான்.

ஆனால் அதிகமாகக் கழுவுவதால் வேறொரு கெடுதல் நடக்கிறது. நம் தோலின் பிஹெச் அளவு 5-ஐ ஒட்டியது, அதாவது லேசான அமிலத்தன்மை. சாதாரண குளியல் சோப்பின் பிஹெச் 9, 10 என்று இருக்கும். நாளுக்கு ஐந்து முறை சோப்புப் போட்டால், தோலின் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கொழுப்பும் சேர்ந்து போய்விடுகிறது. முகம் இழுத்துப் பிடிக்கும், எரியும், ஓரங்களில் செதில் செதிலாக உரியும். அப்போதும் மூக்கில் எண்ணெய் வழிந்துகொண்டேதான் இருக்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில், சோப்பு நுரைக்காமல் ஒரு படிவாகத் தோலில் ஒட்டிக்கொள்வதால் எரிச்சல் இன்னும் கூடும்.

[திரை: குழாயடியில் முகம் கழுவும் கைகள்]

காலையில் ஒரு முறை, இரவு ஒரு முறை போதும். வெயிலில் அலைந்து வியர்த்து வந்தாலோ, விளையாடி முடித்தாலோ இன்னொரு முறை கழுவலாம். சோப்புக்குப் பதில் மென்மையான, சோப்பு கலக்காத ஃபேஸ் வாஷ். சுடுதண்ணீர் வேண்டாம். விரல் நுனியால் அரை நிமிடம் தடவிக் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். நாரும் வேண்டாம், வால்நட் ஓட்டுத்தூள் போட்ட ஸ்க்ரப்பும் வேண்டாம். நடுவில் மினுமினுப்பு வந்தால் டிஷ்யூ பேப்பரை அழுத்தி ஒற்றிவிட்டு வேலையைப் பாருங்கள்.

கழுவிய பிறகு மாய்ஸ்சரைசர். "எண்ணெய் வழிகிற முகத்துக்கு எதற்கு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தோலுக்கு எண்ணெய் வேறு, தண்ணீர் வேறு. எண்ணெய் வழிகிற தோலிலேயே நீர் வற்றிப்போயிருக்கலாம், முக்கியமாக நாள் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு. கிளிசரின், ஹையலூரானிக் அமிலம் போன்றவை கலந்த, ஜெல் வடிவ மாய்ஸ்சரைசர் பட்டாணி அளவு போதும். பெட்டியில் 'நான்-காமிடோஜெனிக்' என்று போட்டிருந்தால் எண்ணெய் வெளிவரும் தோல் துளையை அடைக்காது என்று தயாரிப்பாளர் சொல்வதாகப் பொருள். அரசு தரும் முத்திரை எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. உங்கள் முகத்தில் ஒத்துக்கொள்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வெளியே போகுமுன் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 அல்லது அதற்கு மேல் உள்ள ஜெல் சன்ஸ்கிரீன். நம்மைப் போன்ற பழுப்பு, கறுப்புத் தோலுக்கு இது தேவையில்லை என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. வெயிலில் சிவந்து வேகாமல் தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் நம்மை ஓரளவு காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் நம் தோலில் ஒரு பரு வந்து போனால் அந்த இடத்தில் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் அது இன்னும் கறுக்கும். பருவைவிட இந்தக் கறைதான் பலரை அதிகம் வருத்துகிறது. அதைத் தடுக்கும் வேலையில் பாதியைச் சன்ஸ்கிரீன் செய்துவிடும்.

[திரை: மூன்று குப்பிகள் வரிசையாக]

இதற்கு மேல் மருந்துப் பொருள் ஏதாவது வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும். அதனால் துளைக்குள் இறங்கி, அங்கே சேர்ந்த செத்த செல்களைப் பிரித்துவிடும். 2 சதவீதம் வரை உள்ளது போதுமானது. நியாசினமைடு 2 முதல் 5 சதவீதம் வரை உள்ளதில் மினுமினுப்பும் கறையும் கொஞ்சம் குறையும், எரிச்சலும் குறைவு. பரு சீழோடு வருகிறவர்களுக்கு பென்சாயில் பெராக்சைடு. 2.5 சதவீதம் உள்ளதே நல்ல பலன் தரும். 10 சதவீதத்துக்குப் போனால் எரிச்சல்தான் கூடும். துண்டு, தலையணை உறையில் பட்டால் சாயத்தை வெளுத்துவிடும் என்பதால் வெள்ளைத் துணி பயன்படுத்துங்கள். எதைப் போட்டாலும் எட்டு வாரமாவது பொறுமை வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு சீரம் என்று மாற்றிக்கொண்டிருந்தால் எது ஒத்துக்கொண்டது, எது எரித்தது என்று கடைசிவரை தெரியாது.

இனி சமையலறைப் பொருள்கள். கடலைமாவும் பயத்தம்மாவும் எண்ணெயை உறிஞ்சும். நைசாகச் சலித்து, தேய்க்காமல் பூசிக் கழுவினால் தப்பில்லை. முல்தானி மட்டியும் அப்படித்தான், வாரத்துக்கு ஒரு முறை. அது காய்ந்து வெடிக்கும்வரை வைத்திருக்காமல் ஈரம் இருக்கும்போதே கழுவிவிடுங்கள். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அதன் பிஹெச் 2-ஐ ஒட்டியது. அதோடு, எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வரலாம். ஆப்ப சோடா அதற்கு நேர்மாறான காரம், அதுவும் எரிக்கும். பருவின் மேல் டூத்பேஸ்ட் வைப்பதையும் விட்டுவிடுங்கள்.

தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நெற்றியோரத்திலும் காதோரத்திலும் மட்டும் பொடிப் பொடியாகப் பரு வருகிறதா? தலையில் வைக்கும் தேங்காய் எண்ணெய் வியர்வையோடு இறங்கி அங்கே துளைகளை அடைத்துக்கொண்டிருக்கலாம். தலைக்குப் பூசும் எண்ணெய், பொமேடு எனும் பிசுபிசுப்பான முடிப்பூச்சு போன்றவற்றால் நெற்றியில் பரு வருவதைத் தோல் மருத்துவர்கள் 1970-லேயே விவரித்து, 'பொமேடு ஆக்னி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எண்ணெயே வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. எண்ணெய்க் குளியல் நம் வீடுகளில் தலைமுறைகளாக வருவது. முடி தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு விரல் பின்னால் தள்ளி வையுங்கள். குளிக்கும்போது சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசியபின் நெற்றியையும் ஒருமுறை கழுவுங்கள். ராத்திரி எண்ணெய்த் தலையோடு படுத்தால் தலையணை வழியாகக் கன்னத்துக்கும் வரும். உறையை அடிக்கடி மாற்றுங்கள். தேங்காய் எண்ணெயை முகத்தில் மாய்ஸ்சரைசராகப் பூசுவது மட்டும் எண்ணெய்ச் சருமக்காரர்களுக்கு ஆகாது.

மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளிகளில் பெரும்பாலானவை இயல்பாக எல்லோருக்கும் இருப்பவை. பிதுக்கி எடுத்தாலும், ஸ்ட்ரிப் ஒட்டி இழுத்தாலும் ஒரு மாதத்துக்குள் நிறைந்துவிடும். ஆவி பிடித்தால் துளை திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்பதும் சரியல்ல. திறந்து மூட அங்கே தசை கிடையாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, வடை, பஜ்ஜி எண்ணெய் நேராக முகத்துக்கு வருவதில்லை. ரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றும் இனிப்பு, மைதா, குளிர்பானம், அப்புறம் பால், இவற்றுக்கும் பருவுக்கும் ஓரளவு தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஜிம்முக்குப் போகும் தம்பிகள் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) தொடங்கிய பிறகு பரு கூடியதா என்று கவனியுங்கள்.

[திரை: வெறுமையான பின்னணி, ஒரு சிறு டியூப்]

இந்த வீடியோவில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் கேளுங்கள். "பத்து நாளில் பருவும் போகும், முகமும் வெளுக்கும்" என்று மருந்துக்கடையிலோ, அழகுநிலையத்திலோ, பக்கத்து வீட்டிலோ ஒரு கிரீமைக் கொடுப்பார்கள். டியூப்பைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டாசோல், மொமெட்டசோன், டெக்சாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பெயர் எதுவும் அச்சிடாத குப்பியாக இருந்தால் தொடவே வேண்டாம்.

முதல் வாரம் அது அற்புதமாக வேலை செய்யும். சிவப்பு அடங்கும், பரு வற்றும், நிறம் கூடியதுபோலத் தெரியும். அதுதான் அதன் ஆபத்து. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்களாகத் தெரியும், முகத்தில் முடி வளரும், முன்பைவிட மோசமாகப் பரு கிளம்பும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும்; அதற்குப் பயந்து மறுபடி பூசத் தோன்றும். இந்தியாவில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த தோல் மருத்துவர்கள், ஸ்டீராய்டு கிரீமால் பழுதான முகம் என்றே ஒரு நோய்ப்பெயரை உண்டாக்கிவிட்டார்கள். 2018-இல் மத்திய அரசு பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. அப்படியும் கவுண்டரில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. ஏற்கெனவே பூசி வருகிறவர்கள் பயப்பட வேண்டாம். தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் முறையில் நிறுத்துங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டிய வேறு சந்தர்ப்பங்களும் உண்டு. பரு ஆழமாகக் கட்டியாகி வலித்தாலோ, குழி விழ ஆரம்பித்தாலோ தள்ளிப்போடாதீர்கள். விழுந்த குழியை நிரப்புவது கஷ்டம். நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு பொடிப் பொடியாக வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. மூக்கின் இரு பக்கமும் சிவந்து செதில் உதிர்ந்து, தலையில் பொடுகும் இருந்தால் அதற்கும் தனி சிகிச்சை. பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய், தாடையில் முடியும் வளர்ந்தால் பிசிஓஎஸ் எனும் ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடபலீன் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) பூச்சுகளை மருத்துவர் சொன்னால் மட்டும் பயன்படுத்துங்கள், கர்ப்பத்தின்போது வேண்டாம். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சுரப்பியையே சுருக்கிவிடும், ஆனால் கருவில் இருக்கும் குழந்தைக்குப் பெரும் ஊனத்தை உண்டாக்கக்கூடியது. தோழிக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி யாரும் வாங்கிவிடாதீர்கள்.

தனியார் மருத்துவமனைக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போகலாம். போகும்போது இதுவரை முகத்தில் பூசிய டியூப், குப்பி, பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காலி டியூப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் ஸ்டீராய்டு இருந்ததா, இல்லையா என்பதைப் பொறுத்து உங்களுக்குத் தரும் சிகிச்சையே மாறும்.