நோட்டைப் புரட்டிப் பாருங்கள்

(பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

"தனியார் பள்ளி, பழைய முறை, ரொம்பக் கண்டிப்பு. சேர்க்கலாமா?" உங்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வந்திருக்கிறீர்கள். எதைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

மனப்பாடம் என்றாலே சிலர் முகம் சுளிக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. வாய்ப்பாடு நாக்கு நுனியில் இருக்கிற பிள்ளை பின்னக் கணக்கைப் பற்றி யோசிக்கும். ஏழெட்டு எவ்வளவு என்று விரல் மடக்குகிற பிள்ளை, அதற்குள் எங்கே விட்டோம் என்பதையே மறந்துவிடும். அடிக்கடி வைக்கிற சின்னத் தேர்வுகளுக்கும் நியாயம் உண்டு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு சாரார் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை வாசித்து மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதியவர்கள்!

சரி, அப்படியானால் ரிசல்ட்டைப் பார்த்துச் சேர்த்துவிடலாமா? இங்கேதான் ஏமாறுகிறோம். வடிகட்டிச் சேர்க்கிற பள்ளியில், வாசலில் நுழையும்போதே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இருப்பார்கள். பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் நுழைவுத்தேர்வு வைத்துச் சேர்க்கிற பேர்பெற்ற அரசுப் பள்ளிகளைப் பற்றி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. கட் ஆஃபைச் சற்றே தாண்டி உள்ளே போனவர்களையும், மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். பிறகு எழுதிய தேர்வுகளில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தனியார் பள்ளிக்கு இதை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் வாசலில் தொங்குகிற மதிப்பெண் பலகையைப் பார்க்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ எதைத்தான் பார்ப்பது? நோட்டை. படிக்கிற பிள்ளைகளின் பழைய நோட்டு இரண்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். நான் அப்படிப் புரட்டிய ஒரு நோட்டில், 302இலிருந்து 147ஐக் கழித்து 245 என்று எழுதியிருந்தது ஒரு பிள்ளை. சிவப்பு மையில் பெருக்கல் குறி, பக்கத்தில் 'ஐந்து முறை எழுது'. பிள்ளையும் எழுதியிருந்தது, முத்து முத்தான கையெழுத்தில், ஐந்து முறையும் 245! ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது, அவ்வளவுதான் தப்பு. அதை யாரும் பார்க்கவில்லை. வேறொரு பள்ளி நோட்டில் இதே கணக்கு, இதே தப்பு. அங்கே ஆசிரியர் ஒன்றாம் இடத்தை மட்டும் வட்டமிட்டு, 'இரண்டிலிருந்து ஏழு போகுமா?' என்று எழுதியிருந்தார். கீழே பிள்ளை திருத்திப் போட்ட கணக்கு, 155. இரண்டு பள்ளியும் கண்டிப்பான பள்ளி என்றுதான் பேர். என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் கண்டிப்பு. முதலாவது வெறும் மிரட்டல்.

வீட்டுப்பாடம் மலைபோல் தருகிறார்கள் என்று பெருமைப்படவும் வேண்டாம். சின்ன வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு மிகவும் பலவீனம். மேல் வகுப்புகளில்தான் அது கூடுகிறது.

அப்புறம், உங்கள் பிள்ளையையும் பாருங்கள். இப்போதைய பள்ளியில் முதல் வரிசையில் இருக்கிற பிள்ளை, வடிகட்டிச் சேர்க்கிற பள்ளியில் நடுவில் போய்விடலாம். அதே படிப்பு, அதே மூளை. ஆனால் 'எனக்குப் படிப்பு வராது' என்று நினைக்க ஆரம்பித்துவிடலாம். சில பிள்ளைகளுக்கு அந்தப் போட்டி உரம், சில பிள்ளைகளுக்குப் பாரம். உங்களுடையது எந்த ரகம் என்பது பள்ளியைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

தலைமை ஆசிரியரைச் சந்திக்கும்போது ஒன்று கேளுங்கள்: போன வருடம் பாதியில் டி.சி. வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர், ஏன்? எண்ணைவிட, பதில் வருகிற விதத்தைக் கவனியுங்கள். முடிந்தால் ஒரு வகுப்பின் பின்வரிசையில் பத்து நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள். தப்பாகப் பதில் சொன்ன பிள்ளை அடுத்த கேள்விக்கும் கை தூக்குகிறதா என்று பாருங்கள்.

மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள், அம்மா ஏதோ கேட்க வேண்டும் என்கிறார்.