மூணாங்கிளாஸ் பையன் ட்ராயிங் பீரியட்ல என்னதான் கத்துக்கறான்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கறேன். கொஞ்சம் விரிவா பேச வேண்டிய கேள்வி. ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "எங்க பெரிய பையன் மூணாங்கிளாஸ். வாரத்துக்கு ஒரு பீரியட் ட்ராயிங். நோட்டைத் திறந்தா, வானம்னு மேல ஒரு நீலப் பட்டை, தரைன்னு கீழ ஒரு பச்சைக் கோடு, நடுவுல வெறும் வெள்ளை. வீட்டைவிடப் பாட்டி பெருசா நிக்கறாங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணு தனியா ட்ராயிங் கிளாஸ் போகுது, அது வரையறது அச்சடிச்ச மாதிரி இருக்கு. இவன் ஸ்கூல்ல என்னதான் கத்துக்கறான்? இவனையும் கிளாஸ்ல சேர்க்கணுமா? சின்னவன் யூகேஜி, அவனுக்கு என்ன கலர் வாங்கித் தரலாம்?"

அம்மா, முதல்ல அந்த நீலப் பட்டையைப் பத்திப் பேசிடலாம். ஏழு, எட்டு வயசுப் பிள்ளைக்கு வானம் தலைக்கு மேல இருக்கு, தரை காலுக்குக் கீழ இருக்கு, நடுவுல நாம இருக்கோம். அதை அப்படியே தாள்ல வெச்சிருக்கான். வானம் இறங்கி வந்து தரையைத் தொடற மாதிரி வரையணும்னா, ஒரு இடத்துல நின்னு பார்த்தா கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு யோசிக்கணும். அது பெரும்பாலும் ஒன்பது, பத்து வயசுல தானா வரும். கீழ இருக்கற பச்சைக் கோடு அதைவிடப் பெரிய விஷயம். நாலு வயசுல இவன் வரைஞ்சதை எடுத்துப் பாருங்க. வீடு ஒரு மூலையில மிதக்கும், மரம் இன்னொரு மூலையில சாஞ்சு கிடக்கும், அம்மா குறுக்க பறப்பாங்க. அப்புறம் ஒரு நாள் அவனே ஒரு கோட்டைப் போட்டு எல்லாத்தையும் அதுமேல நிக்க வைப்பான். இந்த வீடும் மரமும் அம்மாவும் ஒரே தரையில, ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா இருக்குன்னு அவனுக்குப் பிடிபட்டுடுச்சு. யாரும் சொல்லிக் கொடுக்காம பிடிபட்டது.

பாட்டி பெருசா இருக்கறதும் அப்படித்தான். அந்தப் படத்துல பாட்டிதான் முக்கியம், அதனால பெருசு. இந்த வயசுப் பிள்ளை பஸ் வரைஞ்சா, தகரத்துக்குள்ள உக்காந்திருக்கறவங்க காலும் பையும்கூடத் தெரியும். கும்மி அடிக்கறவங்களை வரையச் சொன்னா, ஒரு வட்டம் போட்டு, அதைச் சுத்தி எல்லாரும் வெளிப்பக்கமா மல்லாந்து படுத்த மாதிரி வரையும். பார்க்கற பெரியவங்க சிரிப்பாங்க, எனக்கு அது வருத்தமா இருக்கும். வட்டத்துல நிக்கற பத்துப் பேர்ல ஒருத்தரும் இன்னொருத்தரை மறைக்கக் கூடாது, எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து நிக்கணும், எல்லார் முகமும் தெரியணும். தாள்ல இதைக் கொண்டுவர ஒரு வழியை அந்தப் பிள்ளை தானே யோசிச்சிருக்கு.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்ல. விக்டர் லோவன்ஃபெல்ட்னு ஆஸ்திரியாவுல பிறந்த ஒரு ஆசிரியர் இருந்தார். வியன்னாவுல பார்வையில்லாத பிள்ளைங்களுக்குக் களிமண்ல உருவம் செய்யக் கத்துக் கொடுத்தவர். 1938-ல ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடிச்சப்ப நாட்டை விட்டுப் போய், பின்னால அமெரிக்காவுல கலைக்கல்விப் பேராசிரியரா இருந்தார். பிள்ளைங்க படம் கிறுக்கல்ல ஆரம்பிச்சு எந்தெந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகுதுன்னு 1947-ல விரிவா எழுதினார். தரைக்கோடு, உள்ளே தெரியற பஸ், முக்கியமானவங்க பெருசா நிக்கறது எல்லாம் அவர் பேசின விஷயங்கள்தான். வயசு பிள்ளைக்குப் பிள்ளை முன்னப் பின்ன இருக்கும். உங்க பையன் அந்த வரிசையில எட்டு வயசுக்காரன் இருக்க வேண்டிய இடத்துல இருக்கான். அதனால நோட்டைப் பார்த்துக் கவலைப்படாதீங்க.

சரி, ஸ்கூல்ல என்ன கத்துக்கறான்? இதுல ஒரு உண்மையைச் சொல்லியாகணும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையில, 6-லிருந்து 8-ஆம் வகுப்பு வரை நூறு பிள்ளைங்களுக்கு மேல இருந்தா ஓவியம் மாதிரி கலைகளுக்கு ஒரு பகுதிநேர ஆசிரியர் வேணும்னு இருக்கு. 1-லிருந்து 5 வரைக்கும் அப்படி ஒருத்தரைச் சட்டம் கேக்கல. தமிழ்நாட்டுல 2012-ல அரசுப் பள்ளிகள்ல பகுதிநேர ஓவிய ஆசிரியர்களைப் போட்டதும் அந்த 6–8 வகுப்புகளுக்காகத்தான். அதனால பெரும்பாலான தொடக்கப் பள்ளியில தமிழும் கணக்கும் எடுக்கற அதே டீச்சர்தான் ட்ராயிங்கும் எடுக்கறாங்க. பரீட்சை நெருங்கினா முதல்ல காணாமப் போற பீரியடும் அதுதான். ஜப்பான் தொடக்கப் பள்ளியில ஓவியமும் கைவேலையும் சேர்ந்த பாடத்துக்கு 1-ஆம் வகுப்புல வருஷத்துக்கு 68 பீரியட், 2-ஆம் வகுப்புல 70, ஆறாவதுலகூட 50, ஒவ்வொண்ணும் 45 நிமிஷம். அந்தப் பாடத்துலயே ரெண்டு பகுதி: கையால செய்யறது, கண்ணால பார்த்து ரசிக்கறது. இந்த ரெண்டாவது பகுதி நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல அநேகமா கிடையாது. அதான் எனக்குப் பெரிய குறையாத் தெரியுது.

ஒரு நல்ல ட்ராயிங் வகுப்பு எப்படி இருக்கும்னு சொல்றேன். நான் மூணாங்கிளாஸ் பிள்ளைங்களை ஆளுக்கு ரெண்டு வேப்பிலை கொண்டு வரச் சொல்வேன். எல்லாத்தையும் தரையில பரப்பினா, கொழுந்து செம்பு நிறத்துல இருக்கும், அதுக்கு மூத்தது இளம்பச்சை, முத்தினது கரும்பச்சை, பழுத்தது மஞ்சள். எல்லாம் ஒரே மரம். கலர் டப்பாவுல இருக்கற பச்சை இதுல எதோடயும் பொருந்தாது. அப்ப கலந்து பார்க்கணும். மஞ்சளை முதல்ல எடுத்துக்கிட்டு, நீலத்தைத் துளித் துளியா சேர்த்துக்கிட்டே வந்தா ஒவ்வொரு பச்சையா எழும்பி வரும். நீலத்தை முதல்ல கொட்டிட்டா மஞ்சள் பூராவும் தீர்ந்தாலும் அந்த இளம்பச்சை வராது. நான் இதை முன்னாடியே சொல்ல மாட்டேன். ரெண்டு மூணு பிள்ளைங்க டப்பாவைக் காலி பண்ணிட்டு முழிக்கும்போது பக்கத்துல இருக்கறது சொல்லிடும். முத்தின இலைக்கு என்ன செய்யறதுன்னு தவிக்கும்போது யாராவது தெரியாம சிவப்பு பிரஷ்ஷை உள்ள விட்டுடும். பச்சை அடங்கி, சரியா அந்த நிறம் வந்து நிக்கும். வகுப்பே எழுந்து வந்து பார்க்கும்.

அன்னைக்கு நோட்டுல என்ன இருக்கும்? பச்சைத் திட்டுத் திட்டா ஒரு பக்கம். வீட்டுல பார்த்தா 'வீணாக்கியிருக்கான்'னு தோணும். ஆனா அந்தப் பிள்ளை இனிமே எந்த மரத்தையும் வெறும் பச்சைன்னு சொல்லாது.

கையும் கத்துக்குது. தாளைக் கிழிச்சு ஒட்டறது வெறும் பொழுதுபோக்கு இல்ல. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு கோட்டு வழியா மெதுவா கிழிக்கறது, பென்சில் பிடிக்கற அதே விரல்களுக்கான பயிற்சி. கத்தரிக்கோல்ல வட்டம் வெட்டும்போது, கத்தரியைத் திருப்பக் கூடாது, இன்னொரு கையால தாளைத்தான் திருப்பணும்னு ஒரு பிள்ளை கண்டுபிடிக்கற நாள் பெரிய நாள். களிமண் கிடைச்சா சொல்லவே வேண்டாம். விநாயகர் சதுர்த்தி சமயத்துல குயவர்கிட்ட ஒரு உருண்டை கேட்டு வாங்கிக் கொடுங்க, போதும். தாள்ல மனுஷன் முன்பக்கம் மட்டும்தான். களிமண்ல முதுகும் செய்யணும், கால் தாங்கி நிக்கவும் வைக்கணும்.

கோலத்தையும் நான் ட்ராயிங் வகுப்புலதான் சேர்ப்பேன், பையன்களுக்கும் சேர்த்து. இடைப்புள்ளிக் கோலம், நடுவுல 7 புள்ளி, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணா குறைச்சு 4-ல நிறுத்தணும். மொத்தம் எத்தனை புள்ளின்னு கேட்டா, விரல்விட்டு எண்ணாம 37-ன்னு சொல்ற வழியை நாலு பேராவது கண்டுபிடிப்பாங்க. அப்புறம் ஒரு பக்கம் போட்ட வளைவை எதிர்ப்பக்கம் திருப்பிப் போடும்போது, எது வலம் எது இடம்னு மூளை வேலை செய்யும். வீட்டுல பாட்டியோட உக்காந்து போடச் சொல்லுங்க. நோட்டுல பார்த்துப் போடறதைவிட, பாட்டி கை போற வேகத்தைப் பக்கத்துல இருந்து பார்க்கறது பெரிய பாடம்.

பார்க்கறதுன்னு சொன்னேனே, அதுக்கு நமக்கு மாமல்லபுரமே இருக்கு. அர்ச்சுனன் தபசு பாறைக்கு முன்னாடி பிள்ளைங்களை நிறுத்தி, 'தவம் பண்ற பூனையைக் கண்டுபிடிங்க'ன்னு மட்டும் சொல்லுங்க. ரெண்டு காலைத் தூக்கி நிக்குது, காலடியில எலிங்க இருக்கு. அதைத் தேடற சாக்குல யானைக்குட்டியைப் பார்ப்பாங்க, பின்னங்காலால மூக்கைச் சொறியற மானைப் பார்ப்பாங்க. இதை யார் செதுக்கினது, எந்த ராஜான்னு வரலாறு சொல்றது அப்புறம் இருக்கட்டும். கால் மணி நேரம் ஒரு பாறையை விடாம பார்த்திருக்காங்க இல்லையா, இதுதான் நான் எதிர்பார்க்கற கலைப்பாடம்.

இப்ப பக்கத்து வீட்டுப் பொண்ணு படத்துக்கு வர்றேன். அந்தப் படம் எப்படி இருக்கும்னு என்னால ஊகிக்க முடியும். ரெண்டு மலை, நடுவுல சூரியன், மலையிலிருந்து இறங்கற ஆறு, ஓரத்துல குடிசை, சாஞ்ச தென்னை, வானத்துல டிக் அடிச்ச மாதிரி பறவைங்க. மலையே இல்லாத தஞ்சாவூர்ப் பிள்ளையும் இதைத்தான் வரையுது, குடிசையே பார்க்காத சென்னைப் பிள்ளையும் இதைத்தான் வரையுது. அந்தப் பிள்ளைமேல எனக்கு ஒரு குறையும் இல்ல. அழகா வண்ணம் தீட்டியிருந்தா பாராட்டத்தான் வேணும். ஆனா அந்தப் படத்துல அதோட கண்ணு இல்ல. லோவன்ஃபெல்ட் இதுக்கு ஒரு எடுத்துக்காட்டு காட்டுவார். ஒரு குழந்தை முதல்ல தன் போக்குல பறவை வரைஞ்சிருந்துச்சு. அப்புறம் ஒர்க்புக்குல அச்சடிச்ச பறவைக்குக் கலர் அடிக்க விட்டாங்க. அதுக்கப்புறம் அந்தக் குழந்தை வரைஞ்ச பறவை எல்லாம் அந்த ஒர்க்புக் பறவை மாதிரியே ஆயிடுச்சு. தன்னோட பறவையை அது விட்டுடுச்சு. அச்சு போட்ட கலரிங் புக்கை நான் பிள்ளைங்களுக்கு வாங்கித் தர வேண்டாம்னு சொல்றதுக்கு இதுதான் காரணம்.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. நாலாவது, அஞ்சாவது போகும்போது இதே பையன் ஒரு நாள் தாளைக் கசக்கிப் போட்டுட்டு 'எனக்கு வரைய வராது'ன்னு சொல்வான். கண்ணுக்குத் தெரியறதுக்கும் கையில வர்றதுக்கும் உள்ள தூரம் அந்த வயசுலதான் அவனுக்கே உறைக்கும். நிறையப் பேர் பென்சிலை விடறது அங்கதான். அப்பதான் உண்மையில சொல்லிக் கொடுக்க ஆள் வேணும். ஒரு செம்பை முன்னாடி வெச்சு, பின்னாடி ஒரு டம்ளரை வெச்சு, 'டம்ளர்ல எவ்வளவு மறையுது, அதை மட்டும் விட்டுட்டு வரை'ன்னு சொல்லணும். தன் செருப்பைப் பக்கவாட்டுல வெச்சு, பார்த்துப் பார்த்து வரையச் சொல்லணும். திறமை இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்த பிள்ளை, இது பழகினா வர்ற வேலைதான்னு அப்ப தெரிஞ்சுக்கும்.

அதனால கிளாஸ்ல சேர்க்கணுமான்னு கேட்டதுக்கு என் பதில்: இப்ப அவசியம் இல்ல. சேர்க்கறதா இருந்தா, பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் போய் அங்க சுவத்துல ஒட்டியிருக்கற படங்களைப் பாருங்க. இருபது பிள்ளைங்க படமும் ஒரே மாதிரி இருந்தா திரும்பி வந்துடுங்க. மாஸ்டர் பிள்ளை கையைப் பிடிச்சு வரையறாரா, பிள்ளை தாள்ல தானே கோடு போட்டுத் திருத்தறாரான்னு பாருங்க. போட்டிக்குப் படம் தயார் பண்ற இடமா இருந்தாலும் வேண்டாம். படங்கள் ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி இருந்து, ஓரத்துல களிமண்ணும் பழைய பேப்பரும் கிடந்தா, நம்பிச் சேருங்க.

வீட்டுல நீங்க செய்யக்கூடியது கொஞ்சம்தான். 'இது என்ன?'ன்னு கேக்காதீங்க. 'இதைப் பத்திச் சொல்லு'ன்னு கேளுங்க. பாட்டி கையில என்ன இருக்குன்னு அவனே சொல்ல ஆரம்பிப்பான். தாளோட பின்பக்கம் தேதியும், அவன் சொன்னதுல ஒரு வரியும் எழுதி வெச்சுடுங்க. ரப்பரை ஒளிச்சு வெச்சா இன்னும் நல்லது.

சின்னவனுக்குக் கேட்டீங்க. யூகேஜி பிள்ளைக்கு 24 கலர் டப்பா வேண்டாம். தடியான மெழுகு க்ரேயான்ல சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு இருந்தா போதும். நீளமா இருக்கறதைப் பாதியா உடைச்சே கொடுங்க. துண்டு சின்னதா இருந்தா முஷ்டியில பிடிக்க முடியாது, மூணு விரலால பிடிச்சுப் பழகும். தாள் பெருசா இருக்கட்டும். பழைய காலண்டரோட பின்பக்கம் நல்லா இருக்கும். இல்லைன்னா சாக்பீஸ் கொடுத்து மொட்டை மாடியில விட்டுடுங்க, முழங்கைல இருந்து தோள் வரைக்கும் வீசி வரையும். வாட்டர் கலர் ஒண்ணாவது, ரெண்டாவது போனப்புறம் பார்த்துக்கலாம்.