சஃபாரி ஓடாத ஆண்டு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2020-இல் கொரோனாவால் நின்றுபோன விளையாட்டுகளில் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். ஒலிம்பிக் தள்ளிப்போனதும் விம்பிள்டன் நடக்காததும் உங்களுக்குத் தெரியும். நான் எடுத்துக்கொண்டது கென்யாவின் சஃபாரி ராலி என்ற கார் பந்தயம். கார் ராலிகளில் மார்ஷலாக, அதாவது சாலையோரம் நின்று நேரம் குறித்துக் கொடுக்கும் தன்னார்வலராக வேலை செய்தவன் நான். அதனால் அந்த ராலி ரத்தான செய்தி என்னை ரொம்பவே பாதித்தது.

சஃபாரி 1953-இல் தொடங்கியது. எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை ஒட்டி, அன்றைய கென்யா, உகாண்டா, தங்கனிகா (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) மூன்றையும் சுற்றி வரும் ஓட்டமாக ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் ராலிக்காகச் சாலையை மூடுவதெல்லாம் கிடையாது. எதிரே லாரி வரும், மாட்டு மந்தை வரும், ஒட்டகச்சிவிங்கி குறுக்கே நிற்கும். ஈஸ்டர் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் சாலை முழுக்கச் சேறுதான். 1963-இல் 84 கார்கள் புறப்பட்டு 7 மட்டுமே ஓட்டத்தை முடித்தன. 1968-இல் 93 புறப்பட்டன, அப்போதும் 7தான்.

இந்த ராலியின் பெரிய பெயர்களில் இருவர் இந்திய வம்சாவளியினர். ஒருவர் கென்யாவின் கெரிச்சோவில் பிறந்த ஜோகிந்தர் சிங். 1965, 1974, 1976 என மூன்று முறை வென்றார். இன்னொருவர் உகாண்டாவில் பிறந்த ஷேகர் மேத்தா. 1972-இல் உகாண்டாவை ஆண்ட இடி அமீன் ஆசியர்களை நாட்டைவிட்டுத் துரத்தியபோது அவருடைய குடும்பம் கென்யாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டே அவர் சஃபாரியை வென்றார். அப்புறம் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை. ஊரை இழந்து வந்த மனிதர் வந்த ஊரின் மிகக் கடினமான சாலைகளைத் தன்வசப்படுத்தியதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

இத்தனை பேர் பெற்ற ராலி 2002-க்குப் பிறகு உலக ராலி சாம்பியன்ஷிப் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. உள்ளூர் அளவிலும் ஆப்பிரிக்க அளவிலும் தொடர்ந்து நடந்தாலும் உலக அணிகள் வருவது நின்றது. அதை மீட்பதற்கு கென்ய அரசாங்கமே இறங்கி வேலை செய்தது. 2019-இல் சோதனை ஓட்டம் நடத்திக் காட்டி, 2020 பட்டியலில் இடம் வாங்கினார்கள். ஜூலை 16 முதல் 19 வரை என்று தேதியும் குறித்தாயிற்று. நைரோபியில் தொடக்கம், நைவாஷா ஏரிப் பக்கம் ஓட்டம். பதினெட்டு வருடக் காத்திருப்பு முடியப்போகிறது என்று ஒரு நாடே தயாரானது.

மார்ச் 13 அன்று கென்யாவில் முதல் கொரோனா நோயாளி இருப்பதாக அறிவிப்பு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் இரவு ஊரடங்கு வந்தது, வெளிநாட்டு விமானங்களும் நின்றன. ஐரோப்பாவில் பூ வாங்க ஆளில்லாமல் போனதால் நைவாஷாவின் ரோஜாப் பண்ணைகளில் பறித்த பூக்களைக் குவித்துக் கொட்டினார்கள். மே மாதத்தில் ராலியும் ரத்து. பண்ணை வேலை போன அதே ஊருக்கு, ஜூலையில் அறைகள் நிரம்பும், சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் வரும் என்று இருந்த நம்பிக்கையும் போயிற்று. ராலி ரத்து என்று கேட்டதும் பலர் பந்தய வீரர்களைத்தான் நினைப்பார்கள். எனக்கு நைவாஷாதான் முதலில் மனதுக்கு வந்தது.

சரி, கால்பந்தை ஆளில்லாத மைதானத்தில் நடத்தினார்களே, ராலியை மட்டும் ஏன் நடத்த முடியாது? நியாயமான கேள்வி. ராலிக்கு மைதானமும் கிடையாது, வாசலும் கிடையாது. அது ஊர்களின் வழியாக ஓடுவது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மண்சாலையின் இருபுறமும் மக்கள் வந்து நிற்பார்கள். தடுக்க எத்தனை போலீஸ் இருந்தாலும் போதாது.

உள்ளே நடக்கும் வேலையைப் பார்த்தால் இன்னும் புரியும். ஓட்டுநரும், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் கோ-டிரைவரும் மூடிய காருக்குள் தோளுக்குத் தோள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். ராலிக்கு முன்னால் அதே சாலையில் மெதுவாகப் போய், ஒவ்வொரு வளைவையும் பேஸ் நோட்டாக, அதாவது ஓட்டத்தின்போது படித்துச் சொல்லும் குறிப்பாக எழுதிக்கொள்வார்கள். ஸ்டேஜ், அதாவது நேரம் கணக்கிட்டு ஓடும் சாலைப் பகுதி, தொடங்கும் இடத்துக்கு கார் வந்ததும் கோ-டிரைவர் ஜன்னல் வழியாக டைம் கார்டை நீட்டுவார். மார்ஷல் வாங்கி, கடிகாரத்தைப் பார்த்து, நிமிடத்தை எழுதித் திருப்பிக் கொடுப்பார். தூசி படிந்த அந்த அட்டை நாள் முழுக்க எத்தனையோ கை மாறும். அந்த வேலையில் நின்றபோது, இதில் ஏதாவது ஆபத்து இருக்கும் என்று நான் யோசித்ததே கிடையாது. நெருங்கினாலே ஒட்டிக்கொள்ளும் ஒரு நோய் ஊரில் இருக்கும்போது இதில் எதை எப்படி நடத்துவது?

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஆம்புலன்ஸ். ஒவ்வொரு ஸ்டேஜின் தொடக்கத்திலும் ஆம்புலன்ஸும் மருத்துவரும் தயாராக நிற்க வேண்டும். அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு ஓர் ஆம்புலன்ஸ் போய்விட்டால், மாற்று வரும்வரை அந்த ஸ்டேஜ் ஓடாது. அருகிலிருக்கும் மருத்துவமனைகளும் படுக்கை ஒதுக்கித் தயாராக இருக்க வேண்டும். 2020-இல் அந்த மருத்துவர்களையும் படுக்கைகளையும் ஒரு பந்தயத்துக்காகக் கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது. ராலியை நேசிக்கிறவனாகவே சொல்கிறேன்: கென்யா சரியான முடிவை எடுத்தது. வெளிநாட்டுப் பயணிகள் விமானங்கள் ஆகஸ்ட் 1 அன்றுதான் மறுபடி பறந்தன. ஜூலையில் அணிகள் வந்து சேர்ந்திருக்கவே முடியாது.

மற்ற நாடுகளிலும் இதே நிலைமைதான். மார்ச்சில் மெக்சிகோ ராலியை ஞாயிற்றுக்கிழமை ஓட்டமில்லாமல் சனிக்கிழமையே முடித்து, விமானங்கள் நிற்பதற்குள் அணிகளை ஊருக்கு அனுப்பினார்கள். 1951-இல் தொடங்கிய பின்லாந்து ராலி முதல் தடவையாக நடக்கவில்லை. வேல்ஸ், ஜப்பான் ராலிகளும் ரத்தாயின. செப்டம்பரில் எஸ்டோனியாவில்தான் மறுபடி ஓட்டம். டிசம்பரில் இத்தாலியின் மோன்சா பந்தயத் தடத்தில், பார்வையாளர்கள் இல்லாமல், அந்த ஆண்டின் கடைசி ராலியை நடத்தினார்கள். அதில் ஒரு நாள் பெர்காமோ மலைச்சாலைகளில் கார்கள் ஓடின. மார்ச் மாதத்தில் ராணுவ லாரிகள் வரிசையாகச் சவப்பெட்டிகளை ஏற்றிச் சென்ற அதே பெர்காமோ. அந்த மலைகளில் கார்களைப் பார்த்தபோது சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கென்யா ரத்து செய்ததோடு நிற்கவில்லை. 2021-இல் கட்டாயம் இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கியது. பிறகு 2026 வரை பட்டியலில் இருக்கவும் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2021 ஜூன் 24 அன்று நைரோபியில் அதிபர் உஹுரு கென்யாட்டா கொடியசைத்தார். நோய் ஓயவில்லை, கட்டுப்பாடுகளும் இருந்தன. ஆனாலும் கார்கள் கிளம்பிவிட்டன.

சஃபாரி தன் பழைய குணத்தை மறக்கவில்லை. மாவு போன்ற புழுதியில் சக்கரம் புதைந்தது, பாறைகளில் சஸ்பென்ஷன் முறிந்தது. பெல்ஜியத்தின் தியரி நூவில் கிட்டத்தட்ட ஒரு நிமிட முன்னிலையோடு கடைசி நாளுக்கு வந்தார். அன்று காலை முதல் ஸ்டேஜிலேயே அவருடைய கார் உடைந்தது. பிரான்ஸின் செபாஸ்தியன் ஓஷியே வென்றார். ஜப்பானின் தகாமோட்டோ கட்சுட்டா இரண்டாவதாக வந்து முதல் முறையாக வெற்றி மேடையேறினார்.

முடிவுப் பட்டியலில் இன்னும் கொஞ்சம் கீழே பாருங்கள். ஏழாவது இடம் ஓங்கார் ராய், எட்டாவது கரண் படேல், ஒன்பதாவது கார்ல் டுண்டோ. மூவரும் கென்யர்கள். 2020-இலேயே உலக அணிகளோடு தங்கள் ஊர்ச் சாலையில் மோதத் தயாரானவர்கள், ஒரு வருடம் தாமதமாக மோதி முதல் பத்துக்குள் வந்தார்கள். அந்தப் பட்டியலை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.