சுடாமல் விட்ட மீன்

நண்பர்களே, வணக்கம்.

கையில் ஈட்டித் துப்பாக்கியோடு கடலிலிருந்து கரையேறிப் பாருங்கள். மணலில் விளையாடும் குழந்தையை அம்மா பக்கத்தில் இழுத்துக்கொள்வாள். தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவரை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அவர் கையிலும் மீன் சாகத்தான் செய்கிறது. 'மூச்சைப் பிடித்து முங்கி ஈட்டியால் மீன் பிடிக்கும் நம்மேல் மட்டும் ஏன் இந்தக் கோபம்?' என்று நம் கிளப்பில் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு ஆஸ்திரேலியக் கதை ஞாபகம் வரும்.

அங்கே கிரே நர்ஸ் என்றொரு சுறா உண்டு. துருத்திய பற்களைப் பார்த்தால் குலை நடுங்கும். ஆனால் மீன் தின்று வாழும் சாது. 1950, 60களில் ஈட்டிக்காரர்கள் அதை ஆட்கொல்லி என்று சொல்லி, வெடிமுனை பொருத்திய ஈட்டியால் கொன்று, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் 1984இல் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு அதைக் கொல்லக்கூடாது என்று சட்டம் போட்டது. அந்தப் படங்களை எடுத்தது நம் எதிரிகள் இல்லை, நம்மவர்கள்.

நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. பார்த்துச் சுடுகிறோம், வலைபோல் கண்டதையும் அள்ளுவதில்லை என்போம். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. களவா மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பல இனங்கள் முதலில் பெண்ணாக இருந்து, பெரிதான பிறகே ஆணாக மாறுகின்றன. பெரியதாகப் பார்த்துப் பார்த்துச் சுட்டால் அந்தப் பாறையில் ஆணே மிஞ்சாது. பார்த்துச் சுடுவது என்றால் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லித்தரத்தான் கிளப்.

அட்லாண்டிக்கில் இதே ஈட்டிக்கு நல்ல பெயர். வேற்றுக் கடலிலிருந்து வந்து பெருகிவிட்ட சிங்கமீன் தூண்டிலில் அவ்வளவாகச் சிக்காது. அதனால் ஈட்டிக்காரர்களையே கூப்பிட்டுப் போட்டி வைத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். கருவி மாறவில்லை, குறிதான் மாறியது.

சரி, நாம் என்ன செய்வது? தண்ணீருக்கு வெளியே துப்பாக்கி ரப்பரை இழுத்து மாட்டி, சுடத் தயாராக வைக்கும் ஆளை அன்றே வீட்டுக்கு அனுப்புங்கள். கரையில் நிற்கும் அந்த அம்மாவுக்கு நாம் தரும் பதில் அதுதான். ஒருவர் முங்கினால் இன்னொருவர் மேலே இருந்து பார்க்கட்டும். முங்கும் முன் வேகவேகமாக மூச்சிழுத்தால் மூச்சுமுட்டும் உணர்வு தள்ளிப்போகும். ஆக்சிஜன் குறைவது தெரியாமலே, மேலே வரும்போது, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, நினைவு தப்பிவிடலாம். இது தெரியாமல் இறந்தவர்களில் நல்ல நீச்சல்காரர்களும் உண்டு. அப்புறம், செத்த மீன்களை வரிசையாக அடுக்கிப் படம் போடுவதை விடுங்கள். சமைத்துப் பரிமாறிய தட்டைப் போடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்!

புதியவர்களுக்கு முதல் மாதம் துப்பாக்கியே வேண்டாம் என்பது என் கட்சி. முகக்கண்ணாடி வழியே தண்ணீருக்குள் எல்லாம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 30 சென்டிமீட்டர் மீன் 40 ஆகத் தெரிந்து, குஞ்சு மீன்கள் வீணாகச் சாகின்றன. பிளாஸ்டிக் தகட்டில் மீன் உருவங்களை வெட்டி நீச்சல் குளத்தில் போடுங்கள். முங்கிப் பார்த்து நீளத்தைப் பலகையில் எழுதட்டும், பிறகு அளந்து காட்டுங்கள்.

நம்மைத் திட்டுகிறவர்களையும் அன்றைக்குக் கூப்பிடுங்கள். அவர்களும் ஒருமுறை முங்கி நீளம் சொல்லிப் பார்க்கட்டும்.