அரசன் இல்லாத சோழநாடு

(சென்னை எழும்பூரில், மாற்று வரலாற்று விளையாட்டில் ஈடுபடுவோர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நாட்டைக் கையில் வைத்திருப்பவர். ஒருவர் தலைக்கோட்டையில் தோற்காத விஜயநகரத்தை ஆள்கிறார். இன்னொருவர் ஆங்கிலேயரை வென்ற பிரெஞ்சுப் புதுச்சேரியின் சார்பில் தூது எழுதுகிறார். வரலாறு ஓரிடத்தில் வேறு பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டு, அந்த உலகத்துக்குள் பாத்திரமேற்று, பல மாதங்கள் பொறுமையாக விளையாடும் உங்களை நான் மதிக்கிறேன். பாடப்புத்தகம் சலிப்பாக்கிவிட்ட ஒன்றை நீங்கள் உயிரோடு வைத்திருக்கிறீர்கள்.

ஆனால் ஒரு மனக்குறை உண்டு. விளையாட்டில் சேரும்போது நாட்டுக் குறிப்பு ஒன்று எழுதித் தருகிறோம்: வரலாறு, நிலவியல், மக்கள். வரலாற்றுக்குப் பல பக்கங்கள் ஓடுகின்றன. நிலவியல் ஒரு வரைபடத்தோடு முடிந்துவிடுகிறது. மக்கள் என்ற தலைப்பின் கீழே, "தமிழர், சைவர், வீரம் மிக்கவர்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறேன். வெறும் குறை சொல்லிப் போகாமல், நீங்கள் எடுத்து விளையாட ஒரு நாட்டையும் கொண்டுவந்திருக்கிறேன்.

சோழர் வீழாத உலகம் நம் குழுக்களில் பலமுறை கட்டப்பட்டுவிட்டது. ராஜேந்திரனின் கப்பல்கள் 1025-இல் ஸ்ரீவிஜயத்தோடு நிற்காமல் மேலும் மேலும் போய்க்கொண்டே இருக்கின்றன. நான் சொல்லும் நாட்டில் சோழர் வீழ்கிறார்கள். மூன்றாம் ராஜேந்திரனின் ஆட்சி, நம் உலகில் நடந்தது போலவே, 1279-உடன் முடிந்துவிடுகிறது. மாறுவது அதற்கு அடுத்த ஒரு செயல் மட்டும். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காவிரிக் கழிமுகத்தைத் தானே ஆளாமல், ஆண்டுத் திறைக்கு வணிகர்களிடம் விட்டுவிடுகிறான். அந்த வணிகர்கள், ஐந்நூற்றுவர் என்று பெயர் கொண்ட வணிகர் பெருங்குழு. நாட்டின் பெயரும் அதுதான்: ஐந்நூற்றுவர் நாடு.

ஏன் வணிகர்கள் என்று கேட்பீர்கள். சோழரின் கடைசி ஆண்டுக்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1281-இல், சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் ஒரு சிவாலயத்துக்காகத் தமிழில் கல்வெட்டு வெட்டப்பட்டது. மங்கோலியக் கானின் நலம் வேண்டி, சம்பந்தப் பெருமாள் என்பவர் செய்த திருப்பணி அது. தஞ்சையில் அரசன் இல்லை. கடல் கடந்த ஊரில் தமிழ் வணிகம் நின்றுகொண்டிருக்கிறது. சுமத்ராவின் பாருஸ் பகுதியில் 1088-இல் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டும் ஐந்நூற்றுவருடையதே. கப்பல் தலைவனும் மரக்கலத்தாரும் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தை அது விதிக்கிறது. வரி விதிக்கும் கை, எழுதும் கை, ஆயுதம் தாங்கிய காவலர் கூட்டம் மூன்றும் இவர்களிடம் இருந்தன. அரசு என்று சொல்ல வேறென்ன வேண்டும்?

சென்னைக்காரர்களுக்கு இதில் நெருக்கமான செய்தி ஒன்று. நம் மயிலாப்பூரில் இந்த வணிகர் குழு கூடி, பொன்னேரி அருகிலுள்ள காட்டூரை வீரப்பட்டினமாக்கி, அதாவது காவலுள்ள வணிக ஊராக்கி, அங்கே குடியிருப்பவர்களுக்குச் சலுகைகள் தர முடிவெடுத்ததைக் காட்டூர்க் கல்வெட்டு சொல்கிறது. எனவே இந்த நாட்டின் வடகோடிப் பேரவை மயிலாப்பூரில் கூடுவதாக வையுங்கள். ஜார்ஜ் கோட்டை வேண்டாம்; 1639-இல் ஆங்கிலேயக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இங்கே இடம் கேட்டு வரக் காரணமும் இல்லை.

இனி நிலம். இங்கேதான் உங்கள் ஆட்டம் வெல்லும் அல்லது தோற்கும். காவிரிக் கழிமுகம் வண்டல் பூமி. நெல் விளையும், வேதாரண்யத்தில் உப்பு விளையும். கல் கிடையாது. பெருவுடையார் கோயிலின் கருங்கல் முழுவதும் வெளியிலிருந்து வந்தது. இரும்பும் கிடையாது, கப்பல் கட்டத் தேக்கு கிடையாது, அது மலைநாட்டிலிருந்து வர வேண்டும். குதிரை வளராது. அந்நாளைய பாண்டிய நாட்டுத் துறைகளில் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இறங்கியதாகப் பாரசீக ஆசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். வளர்க்கத் தெரியாமல் அவற்றைச் சாகவிட்டார்கள் என்று மார்கோ போலோ வியக்கிறார். ஆகவே குதிரைப்படையை நம்பி இந்த நாட்டை நடத்துபவர் ஒவ்வோராண்டும் தன் பொன்னை அரபு வணிகனிடம் கொட்டுவார்.

நீரும் முழுமையாகக் கையில் இல்லை. காவிரி பிறப்பது குடகில். ஆடியில் வரும் பெருக்கு மேற்கு மலையில் பெய்த மழை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது நம் சொந்த மழை. முதலாவது பொய்த்தால் நாற்றங்காலுக்கு நீர் இல்லை, இரண்டாவது மிஞ்சினால் கதிர் அழுகும். மேலே ஆற்றங்கரையில், திருவரங்கத்துக்கு அருகே கண்ணனூரில், போசள (ஹொய்சள) அரசன் ராமநாதன் அமர்ந்திருப்பதாக வையுங்கள். அவனோடு உறவு கெட்டால் என்ன ஆகும் என்பதை நடுவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடற்கரையோ நேர்கோடு. பெரிய கப்பலுக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. ஆற்று வாய்களை மணல் மூடும். தென்மேற்குக் காற்று கப்பலைக் கிழக்கே கொண்டுபோகும், வடகிழக்குக் காற்று திருப்பிக் கொண்டுவரும். இடையில் ஐப்பசிப் புயல். 1746 அக்டோபரில், சென்னையைப் பிடித்த கையோடு நின்றிருந்த லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பற்படையை இந்தப் புயல்தான் சிதறடித்தது. 1881 நவம்பரில் நம் துறைமுகத்தின் புதிய கட்டுமானங்களை உடைத்ததும் இதுவே. போர் அறிவிக்கும்போது மாதத்தைப் பாருங்கள். ஐப்பசியில் கப்பற்படை அனுப்பும் நாட்டுக்கு நான் நடுவராக இருந்தால் தயவு காட்ட மாட்டேன்.

படையெடுப்பு வரும். 1311-இல் தில்லி சுல்தானின் தளபதி மாலிக் கஃபூர் வருவார். அதைத் தடுக்கும் அளவுக்கு நம் சிறு மாற்றம் தில்லியைத் தொடவில்லை. அவருடைய சேனை இங்கே மழையிலும் சேற்றிலும் திண்டாடியதைத் தில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோ பதிவு செய்திருக்கிறார். குதிரை இல்லாத நாட்டுக்கு அரண் எது என்பதற்கு அதிலேயே விடை இருக்கிறது: மடைகளைத் திறந்துவிடுவது. ஆனால் அப்போது மூழ்குவது யாருடைய வயல்? இந்தக் கேள்வி நம்மை மக்களிடம் கொண்டுவந்து நிறுத்துகிறது.

ஐந்நூற்றுவர் தமிழர் மட்டும் அல்லர். இந்தக் குழுவின் வேர் கன்னட நாட்டு ஐஹொளெயில் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் பௌத்தர் உண்டு. ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை வரியில்லா நிலமாக (இறையிலியாக) தந்தான். அங்கே கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகளில் பல, இதே எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; கூட்டம் முடிந்து வேறொரு நாள் போய்ப் பாருங்கள். துறைகளில் அஞ்சுவண்ணத்தார் என்ற மேற்கடல் வணிகர் இருக்கிறார்கள். பர்மாவின் பகானில், நானாதேசி விண்ணகர் என்ற திருமால் கோயிலுக்குக் கொடை தந்தவர் மலைமண்டலத்திலிருந்து, அதாவது கேரளத்திலிருந்து, போனவர். "மக்கள்: தமிழர்" என்ற வரி இதில் எதைச் சொல்கிறது?

இன்னும் கடினமான பகுதிக்கு வருகிறேன். நாட்டுக் குறிப்புகளில் எல்லோரும் உத்திரமேரூரை எழுதுகிறார்கள். குடவோலை, மக்களாட்சி, பெருமை. எனக்கும் அந்தக் கல்வெட்டுகள் மேல் மாறாத மதிப்பு உண்டு. கணக்குக் காட்டாதவனை மீண்டும் பதவிக்கு வரவிடாத அந்தக் கண்டிப்பு இன்றும் வியப்புத் தருகிறது. ஆனால் 921-ஆம் ஆண்டு விதியை முழுவதும் படியுங்கள். வயது 35 முதல் 70. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அது பிராமணர் ஊரின் சபை. உழுதவனின் பெயர் அந்தக் குடத்துக்குள் விழவில்லை. எந்தப் பெண்ணின் பெயரும் விழவில்லை.

திருப்பாம்புரத்தில் 1201-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பஞ்சம். நெல் விலை காசுக்கு மூன்று நாழி. ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டார். நிலத்தோடு தொடர்புள்ள வேளாளருக்கே இந்த நிலை. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்தோறும் வரி நீக்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது பறைச்சேரியைத் தனியாகக் குறிக்கின்றன. தீண்டாச்சேரி என்ற பெயரே வருகிறது. அந்தச் சேரியில் இருந்தவர்களுக்கு விற்கத் தம் உழைப்பைத் தவிர வேறென்ன இருந்திருக்கும்? இதைப் படித்த பிறகு கொடியின் நிறத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத எனக்குக் கை வரவில்லை.

மாற்று வரலாற்றின் முழுச் சுதந்திரமும் நம் கையில் இருக்கிறது. எல்லையை விரிக்க மட்டும் அதைச் செலவிடுகிறோம். ஐந்நூற்றுவர் நாட்டில் அரசன் இல்லை. ஆகவே யார் சபையில் அமரலாம் என்பதை அரசாணை தீர்மானிக்காது. சரக்குக்குப் பொறுப்பேற்றவர்கள் பேசித் தீர்க்க வேண்டும். கப்பலோட்டி இல்லாமல் வணிகர் இல்லை. உப்பளக்காரர் இல்லாமல் திறை இல்லை. மடையைக் காப்பவர் இல்லாமல் அரணும் இல்லை. இவர்கள் ஒருநாள் வேலையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது 1279-இல் யாரும் விளையாடிப் பார்க்காத ஆட்டம். உறுதியாக வெல்வார்கள் என்று நான் சொல்லவில்லை. சபை அவர்களை வாளால் அடக்கவும் கூடும். ஆயுதம் தாங்கிய காவலரான எறிவீரர்கள் கூலி வாங்குவது வணிகரிடம்தான். ஆனால் அந்தப் பாத்திரங்களை யாராவது ஏற்க வேண்டும்.

முதல் சுற்று 1281, புரட்டாசி மாதம். ஆடிப் பெருக்கு இந்த ஆண்டு வரவில்லை. நாகையின் களஞ்சியத்தில் நெல் இருக்கிறது. அதே நெல்லைத்தான் பாண்டியனுக்குத் திறையாகக் கட்டத் தை மாதத்துக்குள் விற்றாக வேண்டும். கண்ணனூரிலிருந்து தூதன் வந்து காத்திருக்கிறான். மூன்று ஊர்களில் குடும்பங்கள் தங்களைக் கோயிலுக்கு விற்க வரிசையில் நிற்கின்றன. அந்த ஓலைகளைச் செல்லாதவை என்று அறிவிக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. சபையில் வணிகர் இடங்கள் நிரம்பிவிட்டன. உப்பளக்காரர், மடைகாவலர், கப்பலோட்டி, விற்கப்பட்ட வீட்டின் மூத்த மகள் ஆகிய நான்கு பாத்திரங்கள் காலியாக இருக்கின்றன. ஏற்க விரும்புவோர் இப்போது பெயர் தரலாம்.