ஆற்றங்கரையில் ஒரு பிரபு

நேயர்களுக்கு வணக்கம்.

1778 ஏப்ரலில், தென்மேற்கு ஸ்காட்லாந்தின் கடலோர மாளிகை ஒன்றில் காலைச் சாப்பாடு முடிந்த நேரம். அமெரிக்க விடுதலைப் போர் நடந்த காலம் அது; ஜான் பால் ஜோன்ஸ் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவனின் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பிரபுவைப் பணயமாகத் தூக்கிப்போவது திட்டம். பிரபு ஊரில் இல்லை. வந்ததற்கு வெள்ளிப் பாத்திரங்களை மூட்டை கட்டினார்கள். தேநீர்க் கெண்டியில் காலையில் போட்ட தேயிலை அப்படியே இருந்ததாம். பின்னாளில் ஜோன்ஸே காசு கொடுத்து அவற்றை வாங்கித் திருப்பி அனுப்பினார், அது வேறு கதை. அந்த வீட்டில் அன்று ஆறு வயதுப் பையனாக இருந்த தாமஸ் டக்ளஸைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

தாமஸ் ஏழாவது மகன். சொத்தும் பட்டமும் அவர் பக்கம் திரும்பவே வழியில்லை. ஆனால் அண்ணன்மார் ஒவ்வொருவராக இறந்துபோக, 1799இல் அப்பாவும் கண்மூட, 27 வயதில் செல்கர்க்கின் ஐந்தாம் பிரபு ஆனார்.

அப்போது வட ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் குடியானவர்களுக்குக் கெட்ட காலம். குத்தகைக்காரர்களைவிட ஆட்டு மந்தைக்கு வருமானம் அதிகம் என்று கண்ட நிலப்பிரபுக்கள், தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். செல்கர்க்கின் நிலம் அங்கே இல்லை. இருந்தும் மலைநாட்டைச் சுற்றிப் பார்த்தார், அவர்களுடைய கேலிக் மொழியையும் படித்தார். வெளியேற்றத்தைத் தடுக்க முடியாது, போகிறவர்களுக்கு வேறு மண் தேடிக் கொடுக்கலாம் என்று முடிவுகட்டினார். சக பிரபுக்களை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றவில்லை? எனக்கு அது உறுத்துகிறது. பிரபுவின் இரக்கம் பிரபுவின் எல்லைக்குள்தான் நின்றது.

1803இல் சுமார் 800 பேரைக் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் குடியேற்றினார். அது நன்றாகவே வேர்பிடித்தது. அடுத்த வருடம் பால்டூன் என்ற இடத்தில் செய்த முயற்சியைச் சதுப்பும் மலேரியாவும் கெடுத்தன. அப்புறம்தான் பெரிய திட்டம். கனடாவில் விலங்குத் தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியில் பங்குகளை வாங்கிக் குவித்து, 1811இல் அதே கம்பெனியிடம், இன்றைய மானிட்டோபா பக்கம் ஓடும் ரெட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுமார் 3 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தைப் பெற்றார். ஸ்காட்லாந்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. பத்திரத்தில் போட்ட விலை பத்து ஷில்லிங்.

1813இல் சதர்லாந்தின் கில்டோனனிலிருந்து விரட்டப்பட்டவர்கள் கப்பலேறினார்கள். வழியில் விஷக்காய்ச்சல். வடக்கே சர்ச்சிலில் இறக்கிவிடப்பட்டவர்கள் குளிர்காலத்தை எப்படியோ தள்ளிவிட்டு, மறு ஏப்ரலில் பனிச் செருப்பு மாட்டி, பைக்குழல் வாசிப்பவரையும் கூட்டிக்கொண்டு தெற்கே நடந்தார்கள்.

போய்ச் சேர்ந்த இடம் காலி மனையா? இல்லை. கிரீ, சோட்டோ என்ற பழங்குடி மக்களின் நிலம் அது. ஐரோப்பிய வணிகர்களுக்கும் பழங்குடிப் பெண்களுக்கும் பிறந்த வழியில் வந்த, காட்டெருமை வேட்டையாடும் மெட்டி மக்களும் அங்கேயே வாழ்ந்தார்கள். எருமை இறைச்சியைக் காயவைத்து, இடித்து, கொழுப்பு கலந்து அவர்கள் செய்யும் பெமிக்கன்தான் போட்டிக் கம்பெனியான நார்த் வெஸ்ட் கம்பெனியின் படகோட்டிகளுக்குச் சாப்பாடு. அதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று செல்கர்க் நியமித்த ஆளுநர் 1814இல் தடை போட்டார். குடியேறியவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்பது அவர் கவலை. ஆனால் அடுத்தவர் சோற்றில் கைவைத்தால் சும்மா இருப்பார்களா? 1816 ஜூன் 19 அன்று செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் நடந்த மோதலில், பின்னால் வந்த ஆளுநர் செம்பிள் உட்படக் குடியேற்றத் தரப்பில் 21 பேர் செத்தார்கள். மெட்டி தரப்பில் ஒருவர்.

செய்தி கேட்ட செல்கர்க், கூலிக்கு அமர்த்திய பழைய சிப்பாய்களோடு போய் எதிரிக் கம்பெனியின் ஃபோர்ட் வில்லியம் கோட்டையைப் பிடித்தார். அந்த ஆத்திரத்துக்கு விலை பல வருட வழக்கு. பணமும் உடம்பும் கரைந்து, 1820இல் பிரான்சின் போ நகரில் 48 வயதில் காலமானார். அடுத்த வருடமே இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன.

இதற்கிடையே 1817இல் ரெட் ஆற்றங்கரையில் செல்கர்க்குக்கும் பழங்குடித் தலைவர்களுக்கும் ஓர் ஒப்பந்தம் நடந்தது. ஆற்றின் இரு பக்கமும் இரண்டிரண்டு மைல் நிலம். பதிலுக்கு கிரீ, சோட்டோ இரு தரப்புக்கும் வருடத்துக்கு நூறு நூறு ராத்தல் புகையிலை. இரண்டு மைல் என்றால் எவ்வளவு? சமவெளியில் நிற்கும் குதிரையின் வயிற்றுக்குக் கீழே எவ்வளவு தூரத்துக்கு வெளிச்சம் தெரிகிறதோ அவ்வளவு என்று விளக்கினார்களாம். தலைவர்கள் தங்கள் குலவிலங்கை வரைந்து கையொப்பமிட்டார்கள். அவர்களில் ஒருவரான பெகுவிஸ், குடியேறியவர்களுக்குப் பலமுறை கைகொடுத்தவர். அவரே முதுமையில், நாங்கள் நிலத்தை விற்கவே இல்லை, பேச்சு முடியவும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1864இல் அவர் இறந்தார். அந்த நிலத்துக்காகக் கனடா அரசு அந்த மக்களோடு உட்கார்ந்து மறுபடி ஒப்பந்தம் போட்டது 1871இல்.

நன்றி, வணக்கம்.